ஊரெல்லையில் கொட்டப்படும் நஞ்சு
ஸ்தல ஸ்தாபனங்களின் கடமையும் நமது சங்கங்களின் பங்கும்

நெசவுத் தொழிலுக்கும் வேளாண்மைக்கும் பொதுவான மூலதனம் ஒன்று உண்டு. எந்தச் சங்கத்தின் ஐந்தொகையிலும் அது இடம் பெறுவதில்லை. ஊரின் நீரும் நிலமுமே அம்மூலதனம். நூலில் சாயம் சீராகப் பற்ற நல்ல நீர் வேண்டும். நாற்று வேர் பிடிக்கவும் நல்ல நீர் வேண்டும். பல தலைமுறைகள் காத்துவந்த இந்த மூலதனத்தை இரண்டொரு லாரிச் சுமைகள் ஓர் இரவில் கெடுத்துவிட முடியும் என்பதை அண்மைக் கால நிகழ்ச்சிகள் நமக்கு உணர்த்துகின்றன.

மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் எஞ்சும் அபாயகரமான கழிவுகளைச் சட்டத்திற்குப் புறம்பாக ஊர்ப் புறம்போக்கிலும், கைவிடப்பட்ட கல்குவாரிக் குழியிலும், ஓடைக்கரையிலும் கொட்டிச் செல்லும் வழக்கம் பல இடங்களில் பரவியுள்ளது. இதனைத் தடுக்க ஊராட்சி, நகராட்சி முதலிய ஸ்தல ஸ்தாபனங்கள் என்ன செய்ய இயலும், அவற்றின் முயற்சி எங்கே வெற்றி பெறுகிறது, எங்கே தடைப்படுகிறது, சங்க அங்கத்தினர்களாகிய நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோம்.

குப்பை வேறு, அபாயக் கழிவு வேறு

வீட்டுக் குப்பையும் அபாயக் கழிவும் ஒன்றல்ல. இலை, தழை, சோறு, சாணம் ஆகியவை மட்கி எருவாகும். அபாயக் கழிவுகளுள் பல மட்குவதில்லை. குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் எத்தனை ஆண்டு கிடந்தாலும் உலோகங்களாகவே இருக்கும். மழை பெய்யும்போது அவற்றின் உப்புகள் கரைந்து மண்ணுள் இறங்கி, கிணறுகளுக்குச் செல்லும் ஊற்றுக் கண்களை அடைகின்றன.

இராணிப்பேட்டையில் இதற்கு ஒரு சான்று உண்டு. அங்கு குரோமேட் உப்புகளைத் தயாரித்துவந்த தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. அதன் வளாகத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் டன் குரோமியக் கழிவு குவிந்து நின்றது. தொழில் நின்றது, ஊதியம் நின்றது, இலாபமும் நின்றது. நிலத்தடி நீரில் மஞ்சள் நிறம் கசிவது மட்டும் நிற்கவில்லை. கழிவை உண்டாக்கியவர் விலகிய பின்னர், அதன் பாரம் அவ்வூராரின் தலையிலும் அரசாங்கத்தின் தலையிலும் விழுந்தது.

அபாயக் கழிவு என்றவுடன் பெரிய தொழிற்சாலைகளையே நாம் நினைக்கிறோம். ஆயினும் மத்திய அரசாங்கம் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின் பட்டியலைப் பார்த்தால் நமக்குப் பழக்கமான பொருள்கள் அதில் காணப்படும். கழிவு நீரைச் சுத்திகரித்தபின் தொட்டியில் படியும் ரசாயனச் சேறு, உபயோகித்துத் தீர்ந்த இயந்திர எண்ணெய், அபாயகரமான ரசாயனங்கள் அடைத்து வந்த காலிப் பீப்பாய்கள் ஆகியவை அதில் அடங்கும். சாயப்பட்டறை நடத்தும் நெசவாளர் சங்கம் எதுவும் இப்பட்டியலுக்கு முற்றிலும் அப்பாற்பட்டதன்று. இதனை இங்கே குறித்து வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

எதனால் கொட்டுகிறார்கள்?

இதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குதான். அபாயக் கழிவை முறைப்படி அப்புறப்படுத்தப் பணம் செலவாகும். அடியிலும் பக்கங்களிலும் நீர் புகாத விரிப்பிட்ட பாதுகாப்பான நிரப்பு நிலம், உயர்ந்த வெப்பத்தில் எரிக்கும் உலை, பயிற்சி பெற்ற ஆட்கள், தனி வண்டி ஆகிய அனைத்திற்கும் கட்டணம் உண்டு. இச்செலவை மிச்சப்படுத்த விரும்புவோன் குறைந்த தொகைக்கு அகற்றித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகனை நாடுகிறான். தரகன், சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரியைப் பிடிக்கிறான். லாரிக்காரருக்கு வழிச்செலவு கிடைக்கிறது. இறுதியில் சுமை இறங்குமிடம் கேட்பாரற்ற ஒரு கரம்பாக இருக்கும். அல்லது அற்பத் தொகைக்கு ஆசைப்பட்ட ஒருவருடைய பட்டா நிலமாக இருக்கும்.

அற்பத் தொகை என்று நாம் கூறுவதற்கு உலகறிந்த சான்று ஒன்றைக் காட்டலாம். 1988-ஆம் ஆண்டில் நைஜீரியா நாட்டின் கோகோ என்னும் சிறு துறைமுக ஊரில், இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த ஆயிரக்கணக்கான நச்சுப் பீப்பாய்கள் ஒருவருடைய வீட்டு முற்றத்தில் அடுக்கப்பட்டிருந்தமை வெளியாயிற்று. முற்றத்திற்கு வாடகை மாதம் சுமார் நூறு டாலர். அப்பீப்பாய்களின் உள்ளே இருப்பது என்ன என்பதை உணராமலே அவ்வூரார் அவற்றின் நடுவில் வாழ்ந்துவந்தனர். செய்தி வெளியானதும் நைஜீரிய அரசாங்கம் கழிவைத் திரும்ப எடுத்துச் செல்லுமாறு இத்தாலியை வற்புறுத்திற்று. கழிவு கப்பலேறித் திரும்பியது. நாடு விட்டு நாடு அபாயக் கழிவைக் கடத்துவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை அடுத்த ஆண்டு, 1989 மார்ச்சில், உருவாயிற்று. 1992-இல் இந்தியாவும் அதனை ஏற்றது. எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புக என்னும் கோட்பாடு அவ்வாறு வலுப்பெற்றது. பின்னர் அதே கோட்பாடு நம் தாமிரபரணி வட்டாரத்திலும் பயன்பட்டதை இனிக் காண்போம்.

சட்டம் வகுத்த பாதை

சரக்கு எங்கே புறப்பட்டது, யார் ஏற்றினார், யார் பெற்றுக்கொண்டார் என்பவற்றைச் சீட்டின் மூலம் நிறுவுவது கூட்டுறவாளருக்குப் பழக்கமான முறை. அபாயக் கழிவிற்கும் சட்டம் இதே முறையை விதித்துள்ளது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, கழிவை உண்டாக்குபவர் அதனைத் தம் வளாகத்தில் சாதாரணமாகத் 90 நாட்களுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. அதனை வெளியே அனுப்பும்போது ஏழு நகல்கள் கொண்ட அனுப்புச் சீட்டு ஒன்று எழுதப்படவேண்டும். அந்நகல்களின் போக்கு பின்வருமாறு:

வெள்ளை நகலை அனுப்புபவர் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திற்குச் செலுத்துவார்.
மஞ்சள் நகலில் வண்டிக்காரரின் கையொப்பம் பெற்று, அனுப்புபவர் தம்மிடமே வைத்துக்கொள்வார்.
இளஞ்சிவப்பு நகலைக் கழிவைப் பெற்றுக்கொள்ளும் நிலையத்தார் வைத்துக்கொள்வர்.
ஆரஞ்சு நகல், சுமையை ஒப்படைத்ததற்கு அடையாளமாக வண்டிக்காரரிடம் தரப்படும்.
பச்சை நகலை நிலையத்தார் வாரியத்திற்கு அனுப்புவர்.
நீல நகல், நிலையத்தாரிடமிருந்து அனுப்பியவருக்குத் திரும்பிவரும்.
சாம்பல் நிற நகல், கழிவு வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தால் அம்மாநிலத்தின் வாரியத்திற்குச் செல்லும்.

இம்முறையின் நுட்பம் எளிது. சுமை புறப்பட்டதற்கு வெள்ளை நகல் சான்று. சுமை சேர்ந்ததற்குப் பச்சை நகல் சான்று. வாரியத்தில் வெள்ளை இருந்து பச்சை வாராதிருப்பின், சுமை நடுவழியில் எங்கோ இறங்கிவிட்டது என்பது வெளிப்படை. அனுப்பியவரிடத்தில் மஞ்சள் இருந்து நீலம் வாராதிருப்பினும் பொருள் அதுவே. இறுதி அப்புறப்படுத்தலுக்காக ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குக் கழிவை அனுப்பவேண்டுமாயின், இரு மாநில வாரியங்களின் ஆட்சேபணையின்மைச் சான்றும் தேவை.

மருத்துவக் கழிவிற்குத் தனி விதிகள் உண்டு. அவையும் 2016-ஆம் ஆண்டில் வெளியானவை. இரத்தம் தோய்ந்த பஞ்சு, உடற்பகுதிகள் முதலியவை மஞ்சள் பையில் இடப்படும். குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு ஆகியவை சிவப்புப் பையில். ஊசி, கத்தி முதலிய கூரிய பொருள்கள் குத்தித் துளைக்க இயலாத வெள்ளைக் கலத்தில். கண்ணாடிப் பொருள்கள் நீலக் கலத்தில். ஒவ்வொரு பைக்கும் கோட்டுக் குறியீடு இருத்தல் வேண்டும். அழுகத்தக்க உடற்பகுதிகளையும் இரத்தம் தோய்ந்த பொருள்களையும் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் கூடாது.

இவ்வளவு திட்டமாகப் பாதை வகுக்கப்பட்டிருந்தும் கழிவு வழி தவறுவது எவ்வாறு? சீட்டே எழுதாமல் வண்டி ஏற்றினால் நகலும் இல்லை, கணக்கும் இல்லை. வாரியத்தின் அலுவலகம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. குவியலோ ஊர் எல்லையில் விழுகிறது. ஆதலின் பாதையின் தொடக்கத்தில் தப்பிவிட்ட கழிவு, முடிவில் ஊராரின் கண்ணிலேதான் முதலில் படுகிறது. ஸ்தல ஸ்தாபனத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நெல்லையில் நடந்தது

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் நடுவில், திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் முதலிய ஊர்களின் எல்லையில் மருத்துவக் கழிவு குவியல் குவியலாகக் கொட்டப்பட்டிருப்பதை ஊரார் கண்டனர். சிரிஞ்சுகள், மருந்துக் குப்பிகள், குழாய்கள் ஆகியவற்றுடன் நோயாளிகளின் விவரங்களும் மருத்துவ நிலையத்தின் பெயரும் தாங்கிய காகிதங்களும் அவற்றில் கிடந்தன. அக்காகிதங்கள் திருவனந்தபுரத்தைச் சுட்டின.

அதன்பின் நடந்தவற்றை வரிசையாக நோக்குதல் நலம். ஊரார் முறையிட்டனர், பத்திரிகைகள் எழுதின. காவல் நிலையங்களில் வழக்குகள் பதிவாயின. தரகு வேலை பார்த்த உள்ளூர் ஆட்களும், பின்னர்ச் சுமை கொண்டுவந்ததில் தொடர்புடைய பிறரும் கைதாயினர். சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இதனைக் கையிலெடுத்து, மூன்று நாட்களுக்குள் கழிவை அகற்றுமாறு கேரள அரசாங்கத்திற்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22-ஆம் தேதி கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து, கழிவை அள்ளித் தம் மாநிலத்திற்கே எடுத்துச் செல்லத் தொடங்கினர்.

கொட்டப்பட்ட கழிவு, வந்த வழியே திரும்பிச் செல்வது அடிக்கடி நிகழ்வதன்று. இங்கு அது நிகழ்ந்ததற்கு முதற் காரணம் அக்காகிதங்களே. அனுப்புச் சீட்டின் ஏழு நகல்களும் இல்லாதவிடத்து, குவியலுக்குள் கிடந்த காகிதங்கள் எட்டாவது நகலாக நின்று சாட்சி கூறின. ஊரார் துர்நாற்றம் தாங்காமல் குவியலுக்குத் தீ வைத்திருந்தாலோ, அவசரத்தில் மண்ணைத் தள்ளி மூடியிருந்தாலோ, அச்சாட்சி அழிந்திருக்கும். கழிவு யாருடையது என்னும் கேள்விக்கு விடையின்றி, அதை அகற்றும் செலவு ஊராட்சியின் தலையிலேயே விழுந்திருக்கும்.

நாம் வற்புறுத்திக் கூற விரும்புவது இதுவே: குவியல் வெறும் அசுத்தமன்று, அது சான்று. பற்றுச்சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டுப் பணம் கேட்க முடியாததுபோல, குவியலை எரித்துவிட்டு நியாயம் கேட்க முடியாது.

ஸ்தல ஸ்தாபனங்களின் அதிகாரமும் வரம்பும்

எங்களிடம் பணம் இல்லை, ஆட்கள் இல்லை என்று ஸ்தல ஸ்தாபனங்கள் சொல்வது வழக்கம். அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அது சட்டத்தின்முன் விடையாகாது. மத்தியப் பிரதேசத்தில் ரட்லம் நகரின் ஒரு பகுதி மக்கள், திறந்த சாக்கடையாலும் சாராய ஆலையின் கழிவு நீராலும் துன்புற்று மாஜிஸ்டிரேட்டிடம் முறையிட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிதி இல்லை என்பது கடமையிலிருந்து நகராட்சியை விடுவிக்காது என்று 1980-ஆம் ஆண்டில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

அவ்வழக்கில் பயன்பட்ட அதிகாரம் இன்றும் உள்ளது. பொதுத் தொல்லையை அகற்றுமாறு நிபந்தனை உத்தரவு பிறப்பிக்க நிர்வாக மாஜிஸ்டிரேட்டுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு இடமளித்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152-ஆவது பிரிவாக இடம் பெற்றுள்ளது. ஊராட்சி மட்டுமன்றி, தனி ஒருவரும் கோட்டாட்சியரிடம் இதன்கீழ் மனுச் செய்யலாம்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் முதல், விதியை மீறியவருக்குப் பத்தாயிரம் ரூபாய் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள், கழிவை உண்டாக்கியவர், நிலையம் நடத்துபவர் ஆகியோர் விதிக்குப் புறம்பாகக் கையாண்டதால் நேரும் நஷ்டத்திற்குப் பொறுப்பாவர் என்று கூறுகின்றன. நெல்லை நிகழ்ச்சியை அடுத்து, 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம், மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுவோரையும் 1982-ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரும் திருத்தத்தை நிறைவேற்றியது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யக் கால வரம்பு உண்டு. கழிவை அகற்றுதல் போன்ற பரிகாரம் கோருவோர், காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுச் செய்தல் வேண்டும். நஷ்டஈடும் நிலத்தைச் சீர்படுத்தலும் கோருவதற்கு ஐந்து ஆண்டுகள் வரை காலம் உண்டு. இரண்டிலும், தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாட்கள் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். ஆதலால் முதலில் கண்ட தேதியைக் குறித்து வைத்தல் எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

வரம்புகளையும் மறைத்தலாகாது. இரவில் ரோந்து செல்ல ஊராட்சியில் ஆள் இல்லை. மண்ணையும் நீரையும் சோதிக்கும் ஆய்வுக்கூடம் அதனிடம் இல்லை. வண்டியை நிறுத்திச் சோதிப்பது காவல் துறையின் வேலை. மாதிரி எடுப்பது வாரியத்தின் வேலை. புறம்போக்கு வருவாய்த் துறையின் பொறுப்பு. ஒரு மனு மூன்று அலுவலகங்களுக்கிடையே அலைந்துகொண்டிருக்கையில் முதல் மழை வந்து கழிவைக் கரைத்துவிடும். தண்டனைகள் கடுமையானால் மட்டும் போதாது; கழிவை ஒப்படைக்க எட்டத்தக்க இடமும் கட்டத்தக்க கட்டணமும் இல்லையாயின், கொட்டுவோர் இன்னும் தொலைவான கரம்பைத் தேடிச் செல்வர். இக்குறையை நிரப்புவதில்தான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது.

கண்டவுடன் செய்யத்தக்கவை

நம் ஊரின் எல்லையில் சந்தேகத்திற்கிடமான குவியலைக் காண நேர்ந்தால் பின்வரும் முறையைக் கைக்கொள்ளுதல் நன்று.

முதலாவது, தொடாதீர்கள், குழந்தைகளையும் கால்நடைகளையும் அணுகவிடாதீர்கள். உபயோகித்த ஊசி குத்தினால் மஞ்சட்காமாலை போன்ற நோய்கள் இரத்தத்தின் வழியே தொற்றக்கூடும். பழைய பொருள் பொறுக்கும் ஏழைகள் பீப்பாய்களை எடுத்துச் சென்று நீர் பிடிக்கப் பயன்படுத்துவதும் உண்டு, அவர்களை எச்சரியுங்கள்.

இரண்டாவது, எரிக்காதீர்கள். மருத்துவக் கழிவை எரிக்கும் உலையின் முதல் அறையில் குறைந்தது 800 டிகிரியும், இரண்டாம் அறையில் ஏறத்தாழ 1,050 டிகிரியும் வெப்பம் இருக்கவேண்டும் என்று விதி கூறுகிறது. இரண்டாம் அறையில் புகை இரண்டு விநாடியாவது தங்கவேண்டும். திறந்த வெளித் தீ இந்நிலையை அடைவதில்லை. குளோரின் கலந்த பிளாஸ்டிக் குழாய்கள் அரைகுறையாக எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. எரித்தால் நஞ்சும் பரவும், சான்றும் அழியும்.

மூன்றாவது, தேதி, நேரம், புல எண், வண்டி எண் ஆகியவற்றை எழுதிப் புகைப்படம் எடுங்கள். பையின் நிறம், கோட்டுக் குறியீடு, பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர், காகிதங்கள் ஆகியவை தெரியுமாறு படம் எடுத்தல் வேண்டும். படத்தைக் கழிவைக் கலைக்காமலே எடுங்கள். நோயாளிகளின் பெயர்கள் உள்ள படங்களைப் பொதுவெளியில் பரப்பாமல் அதிகாரிகளிடம் மட்டும் ஒப்படைப்பது நேர்மை.

நான்காவது, காவல் நிலையம், மாவட்ட ஆட்சியர், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் ஆகிய மூவருக்கும் ஒரே நாளில் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெறுங்கள். காவல் நிலையத்தில் தகவல் கொடுத்தவர் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெற உரிமை உண்டு.

ஐந்தாவது, நீர், மண் மாதிரிகளை வாரியத்தாரே சாட்சிகள் முன்னிலையில் எடுக்குமாறு கோருங்கள். நாமே புட்டியில் நிரப்பி எடுத்துச் செல்லும் மாதிரி நமக்குத் தகவல் தரலாம். வழக்கில் அது எளிதில் நிற்காது.

ஆறாவது, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. குவியல் கிடந்த இடமும் நாளும் தீர்மானத்தில் பதிவானால் அது பிற்காலத்திற்குச் சான்றாகும். எந்த நிலக்காரரும் கழிவு கொட்ட இடம் தரலாகாது என்பதையும் அத்தீர்மானத்திலேயே சேர்க்கலாம்.

நம் வீட்டுக் கணக்கு

இதுவரை பிறர் கொட்டும் கழிவைப் பற்றிப் பேசினோம். இனி நம்முடையதைப் பற்றிப் பேசுதல் கடமை.

நெசவாளர் சங்கங்களின் சாயப்பட்டறைக் கணக்குகளைப் பார்வையிடும்போது நாம் பொதுவாகக் காண்பது யாதெனில், சாயம், காஸ்டிக் சோடா, ஆசிட், உப்பு ஆகியவற்றின் கொள்முதல் பேரேட்டில் கிலோ கணக்கில் பதிவாகியிருக்கும். சாயமேற்றிய நூலும் பதிவாகியிருக்கும். தொட்டியில் தங்கிய சேறு எவ்வளவு, அது எங்கே சென்றது என்பதற்குப் பத்தி இராது. வரவு எழுதிய சரக்கு ஒன்று செலவு எழுதப்படாமல் மறைவதைத் துணிக் கணக்கில் எந்த நிர்வாகக் குழுவும் பொறுக்காது. சேற்றின் கணக்கில் மட்டும் பொறுத்துக்கொள்கிறோம்.

அவ்வாறு பொறுத்துக்கொண்டதன் விலையைக் கொங்கு நாடு அறியும். நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டில் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்திற்காகத் தேக்கிய அந்த அணையில் திருப்பூர்ச் சாயக் கழிவு நீர் தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். நஷ்டத்தை மதிப்பிட்ட ஆணையம், 2002 ஆகஸ்டு முதல் 2004 இறுதி வரையிலான காலத்திற்கு 28,596 விவசாயிகளுக்கு ஏறத்தாழ 24 கோடியே 80 லட்சம் ரூபாய் எனக் கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்திற்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. உப்பேறிய நிலத்திற்கும், கைவிட்ட கிணற்றிற்கும், மாறிப்போன பிழைப்பிற்கும் கிடைத்த ஈடு அவ்வளவே. மறுபுறம், கழிவு நீரை வெளிவிடாத முறையை முழுமையாக மேற்கொள்ளாத காரணத்தால், 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. அப்போது வேலை இழந்தவர்களும் தொழிலாளிகளே. நெசவும் உழவும் ஒன்றையொன்று கெடுத்து இரண்டும் நட்டப்பட்ட கதை அது.

அதற்குப்பின் திருப்பூர் கண்ட வழி கூட்டு முயற்சியே. பட்டறைகள் ஒன்று சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. நீரைத் திரும்பப் பயன்படுத்துகின்றன. ஆயினும் நீர் தெளியத் தெளியச் சேறு மிகும். அச்சேற்றின் ஒரு பகுதி சிமெண்டு ஆலைகளின் உலைகளுக்கு அனுப்பப்படுகிறது. ஆற்றில் கலந்த நஞ்சு இப்போது மூட்டையில் இருக்கிறது. மூட்டை சரியான இடத்திற்குச் சென்றால் நலம். இரவு லாரியில் ஏறினால் முன்னதைக் காட்டிலும் தீங்கு.

சிறிய சங்கத்திற்கு இதில் உள்ள இடர்ப்பாட்டை நாம் அறிவோம். பத்து மூட்டைச் சேற்றைக் கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவு நிலையம் வரை தனி வண்டியில் அனுப்பக் கட்டுப்படியாகாது. இத்தகைய இடர்ப்பாட்டிற்கு மருந்தாகவே கூட்டுறவு பிறந்தது. தனியொரு விவசாயி வாங்க இயலாத விலையில் உரத்தைச் சங்கம் வாங்கித் தரவில்லையா? அவ்வாறே ஒரு வட்டாரத்தின் சங்கங்கள் கூடி, வாரியத்தின் அனுமதியுடன் கூரையும் சிமெண்டுத் தளமும் உள்ள பொதுக் கிடங்கு அமைத்து, 90 நாள் வரம்பிற்குள் முழு லாரிச் சுமையாகச் சேர்த்து, ஏழு நகல் சீட்டுடன் அனுப்பலாம். கட்டணத்தைச் சேற்றின் எடைக்கேற்பப் பகிர்ந்துகொள்ளலாம். வேளாண்மைச் சங்கங்களும் பூச்சிமருந்துக் காலி டப்பாக்களைக் கழுவித் துளையிட்டு, மறுபடி பயன்படாதவாறு செய்து சேகரிக்கும் பொறுப்பை ஏற்கலாம். ஊராட்சி இடம் காட்டி உதவலாம்.

இதற்கு முதற்படியாக, வரும் மாதத்தில் கூடும் நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளைச் சேர்க்குமாறு வேண்டுகிறோம்: சாயப்பட்டறைப் பேரேட்டில் கழிவிற்கென ஒரு பத்தி திறத்தல், சென்ற மூன்று மாதச் சேறு எங்கே உள்ளது என்று நேரில் எடையிட்டு எழுதுதல். இதற்கு அரசாங்க உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு தராசும் ஒரு பேனாவும் போதும். தன் கழிவிற்குக் கணக்கு வைத்திருக்கும் சங்கம், பிறருடைய லாரியை ஊரெல்லையில் தடுத்து நிறுத்திச் சீட்டு எங்கே என்று கேட்கும்போது, அக்கேள்விக்கு வலிமை இருக்கும்.